கடைவாய், கோரை, பால்பல்

என் வீட்டு ஆமைத் தொட்டிக்கு மேலே, சுவரில் அடித்த ஆணியில், ஒரு ரோஸ் நிற மெழுகுத் தகடு தொங்குகிறது. பல்செட் செய்கிறவர்கள் பயன்படுத்தும் மெழுகு அது. இரண்டு தகடுகளைச் சூடுகாட்டி ஒட்டி, முட்டை வடிவத்தில் வெட்டியிருக்கிறது. பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஏப்ரல் மாதம் அடிக்கிற வெயிலுக்கு அதன் ஒரு ஓரம் லேசாக வளைந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ பள்ளிக்கூடத்துக் கைவேலை என்று நினைத்துக்கொண்டு, "யார் பண்ணது? நல்லா இருக்கே" என்பார்கள். நல்லாவெல்லாம் இல்லை. நடுவில் ஊசி முனையால் 'கடைவாய்' என்று கீறியிருக்கிறது. டாக்டர் கையெழுத்து என்பதால் அதை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. அதை வெட்டிக் கொடுத்தவர், நான் பல வருடம் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. கொடுக்கும்போது என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிளினிக் நகருக்குள் அடுகோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருந்தது. ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் லேத் பட்டறை. பட்டறையில் இரும்பைக் கடையும் சத்தமும், உள்ளே டாக்டர் பல்லைக் குடையும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கவனத்தைத் திருப்பத்தான் டாக்டர் காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வைத்தார். முதலில் மீன்தான் விட்டாராம். மீன்கள் வாரத்துக்கு ஒன்றாகச் செத்து மிதக்க ஆரம்பித்தன. பல் பிடுங்கிக்கொள்ள வந்து உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே அப்படி ஒரு காட்சி வேண்டாம் என்று அதை நிறுத்திவிட்டு, சீக்கிரம் சாகாத ஏதாவது ஒன்றைக் கேட்டு சிவாஜிநகர் பக்கம் போய் ஒரு ஆமையை வாங்கிவந்தார். காதோரம் சிவப்புக் கோடு போட்ட, கடைகளில் விற்கிற ஜாதி ஆமை. நான் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தபோது அது டிபன் தட்டு அளவுக்கு வளர்ந்து, தொட்டிக்கே முதலாளி மாதிரி இருந்தது.

டாக்டரின் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிறது. தாத்தா அந்தக் காலத்து சர்க்கார் உத்தியோகஸ்தர். வீட்டில் தமிழ் பேசினாலும் டாக்டருக்குக் கோபமும் கொஞ்சலும் கன்னடத்தில்தான் முதலில் வரும். பட்டறைக்காரரிடம் "வாயைத் திறங்க" என்பார், அதையே அடுத்தவரிடம் கன்னடத்தில் "பாயி தெகீரி" என்பார். அவசரத்தில் ஒரே ஆளிடம் இரண்டையும் சொல்லிவிடுவார். அந்த ஆள் பயந்துபோய் இரண்டு மடங்காக வாயைத் திறப்பார். ஆனால் கை அப்படி ஒரு கை. பல்லைப் பிடுங்கவே மாட்டார். எவ்வளவு சொத்தையாக இருந்தாலும் குடைந்து, அடைத்து, மேலே தொப்பி மாட்டி, எப்படியாவது அதை அங்கேயே நிற்க வைத்துவிடுவார். "பிடுங்கறது கடைசிம்மா, கடைசிக்கும் கடைசி" என்பது அவர் தினமும் பத்துத் தடவையாவது சொல்கிற வாக்கியம். பக்கத்துத் தெருவில் நூறு ரூபாய்க்குப் பிடுங்கிப் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால், தன் பல்லையே பிடுங்க வந்தது போல அவருக்கு முகம் சிவந்துவிடும்.

ஆமைக்கு அவர் வைத்த பெயர் கடைவாய். கடைவாய்ப்பல் மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறதாம். அடுத்த வருடம், வெளிநாட்டுக்குப் போகிற ஒரு நோயாளி கையகல ஆமை ஒன்றைக் கொண்டுவந்து கெஞ்சிக் கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்சம் கூரான மூஞ்சி. அது கோரை. அதற்கும் சில மாதம் கழித்து, வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்று இன்னொருவர் ஒரு பொடிசைக் கொண்டுவந்தார். பிஸ்கட் அளவுதான் இருக்கும். பச்சைப் பசேலென்று, டாக்டரின் உள்ளங்கையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. "பால்பல்" என்றார் டாக்டர், ஒரு நொடிகூட யோசிக்காமல். அப்படியே கொண்டுபோய் மற்ற இரண்டும் இருந்த தொட்டியில் விட்டார். அன்றைக்கு நானும் கை தட்டினேன்.

தொட்டியால் வேடிக்கைகளும் இருந்தன. எங்கள் தமிழ் ஆட்களில் பலருக்கு ஆமை என்றால் ஆகாது; இடத்துக்கு ஆகாத பிராணி என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்காருவார்கள். வேறு சிலர் அதைப் பெருமாளாகவே பார்த்து, கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒரே பெஞ்சில் இவர்கள் இப்படியும் அவர்கள் அப்படியும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு அடங்காது. ஆமைகள் ஏறி வெயில் காய ஒரு பாறை வேண்டும் என்று டாக்டர், பல் அச்சு எடுக்கிற மாவைக் குழைத்து ஒரு மேடை செய்தார். காலையில் தண்ணீரில் வைத்தோம். மதியத்துக்குள் மாவு கரைந்து தொட்டி முழுக்கப் பால் போல ஆகிவிட்டது. உள்ளே ஆமை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. சாயங்காலம் வரை நானும் டாக்டரும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் மாற்றினோம், பாதி அடைத்த பல்லோடு ஒருவர் உள்ளே நாற்காலியில் படுத்தபடி, "நான் இருக்கவா, அப்புறம் வரட்டுமா?" என்று கத்திக்கொண்டிருந்தார். மறுநாள் பல்செட்டில் ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொருளில் ஒரு மேடை செய்தார். அது கரையவில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்க்க, யாரோ ஒரு ராட்சசன் தன் பல்செட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனது போல இருக்கும்.

அந்த மேடையில் ஒரு ஆமைக்குத்தான் இடம். கடைவாய் நடுவில் ஏறி உட்கார்ந்துவிடும். கோரை அதன் முதுகில் பாதி ஏறும். பால்பல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக்கொள்ளும். மூன்றும் அடுக்கி வைத்த பாத்திரம் போல இருப்பதைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். "பாத்தீங்களா, சின்னதை முதுகுல ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கு. மனுஷங்களுக்கு வருமா இது?" என்பார் டாக்டர். தண்ணீருக்குள் கடைவாய் தன் நீளமான முன்னங்கால் நகங்களைப் பால்பல்லின் முகத்துக்கு நேரே படபடவென்று ஆட்டும்போது, "கொஞ்சுது பாரு" என்பார். நானும் கொஞ்சுகிறது என்றுதான் நம்பினேன். நம்புவதற்கு அழகாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் விடுமுறை. திங்கள் காலை நான்தான் முதலில் வந்து கதவைத் திறந்து தீனி போடுவேன். ஒரு திங்கட்கிழமை, பால்பல்லின் வால் நுனியைக் காணவில்லை. டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "தண்ணி சுத்தம் பண்ற குழாய்ல உரசியிருக்கும்" என்றார். அடுத்த வாரம் பின்னங்காலில் ஒரு கீறல். "கோரை நகம் பட்டிருக்கும், வேணும்னே செஞ்சிருக்காது." பிறகு நான் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். தீனி போட்டால் கடைவாய் ஓடிவந்து முக்கால்வாசியை விழுங்கும், மிச்சம் கோரைக்கு. பால்பல் ஓரமாக நின்று, தண்ணீரில் கரைந்த தூளைத்தான் நக்கும். ஒரு மாதத்தில் அது குழாய்க்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. வெளியே வரவே பயந்தது. மேலே ஏறி உட்கார்ந்ததெல்லாம் பாசத்தால் இல்லை, ஏற வேறு இடம் இல்லாததால்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படியே விட்டால் இது பிழைக்காது என்று தெரிந்துபோயிற்று.

தனியாக வைக்கலாம் என்று மூன்று தடவை சொன்னேன். கால்நடை டாக்டர் ஒருவரிடம் போனில் கேட்டு, அவரும் அதையேதான் சொன்னார் என்றும் சொன்னேன். டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, ஒரு வாயில முப்பத்திரண்டு பல் இருக்கு. ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது, ஒண்ணு கூரு. எல்லாம் ஒண்ணா இருந்து மெல்லலையா? மூணு ஆமை ஒரு தொட்டியில இருக்க முடியாதா? கொஞ்சம் ஆடுதுன்னா உடனே எடுத்துப் போட்டுடறதா? பேடாம்மா, வேண்டாம், நான் அந்த மாதிரி டாக்டர் இல்ல." பல் டாக்டரைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு நியாயம் பேச முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு, டாக்டர் உள்ளே இருக்கும் நேரம் பார்த்துப் பால்பல்லை மட்டும் எடுத்து, ஒரு கிண்ணத்தில் விட்டு, தனியாகத் தீனி கொடுத்துவந்தேன்.

ஒரு சனிக்கிழமை, தெத்துப்பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ள ஒரு காலேஜ் பெண் வந்திருந்தாள். டாக்டர் அவள் பல் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, கதவு திறந்திருக்க, சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். "பாரு, இங்க இடமே இல்ல. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது. இந்த ஒண்ணை எடுத்தாத்தான் மத்ததுக்கு வழி. எனக்கும் பிடிக்காதுதான், ஆனா இடம் இல்லேன்னா வேற என்ன செய்ய?" அதே நேரம் தொட்டியில் தண்ணீர் தடதடவென்று அடித்தது. எட்டிப் பார்த்தால், பால்பல்லின் பின்னங்கால் கடைவாயின் வாயில் இருந்தது. சுற்றிலும் தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது. கையை விட்டுக் கடைவாயின் தாடையைப் பிரித்து, பொடிசை விடுவித்து, கண்ணில் பட்ட எஃகுத் தட்டில் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. தட்டை ஊசிகளுக்கும் இடுக்கிகளுக்கும் பக்கத்தில் டணாரென்று வைத்துவிட்டு, "டாக்டர், வாயில இடம் இல்லேன்னா ஒண்ணை எடுத்துத்தான் ஆகணும்னு இப்பத்தானே சொன்னீங்க? தொட்டியில மட்டும் இடம் இருக்கா?" என்று கத்தினேன். நாற்காலியில் படுத்திருந்த பெண் திறந்த வாயோடு தலையைத் திருப்பி ஆமையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆமாம் என்பது போலத் தலையையும் ஆட்டிவிட்டாள். டாக்டரின் ஒரு கையில் பல் அச்சு, இன்னொரு கையில் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடி. "வாயை மூடு" என்றார். நானும் மூடினேன், அந்தப் பெண்ணும் மூடினாள்.

டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டார். பெரிய விளக்கை ஆமையின் மேல் இறக்கினார். அந்தப் பெண் நாற்காலியை விட்டு இறங்கி, நான் கேட்காமலே தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஒரு நகம் போய்விட்டது. கால் தப்பித்தது. குழந்தைகளின் பல்லுக்கு வைத்திருக்கும் மிக மெல்லிய கருவிகளால் டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்தார். கால்நடை டாக்டரிடம் அவரே போனில் கேட்டு, அவர் சொன்னபடி மருந்து போட்டார். எல்லோரும் போன பிறகு, பல்செட் ஊறவைக்கும் டப்பாவில் பஞ்சு மேல் உட்கார்ந்திருந்த பால்பல்லைக் குனிந்து பார்த்தார். "கடைசி, கடைசின்னு சொல்லியே கடைசி வரைக்கும் விட்டுட்டேனேம்மா. இது வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லவும் சொல்லாதே" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதன் பிறகுதான் இந்த மெழுகு. ஸ்பிரிட் விளக்கில் இரண்டு தகடுகளைக் காட்டி ஒட்டினார். கடைவாயைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தகட்டின் மேல் உட்கார வைத்து, ஓட்டைச் சுற்றிக் கத்தியால் கோடு போட்டு வெட்டினார். அது சீறியது. "சும்மா இருடா, உன் கணக்கு அப்புறம்" என்று அதட்டினார். என்னிடம் தகட்டைக் கொடுத்துவிட்டு, "பால்பல்லை நீ எடுத்துட்டுப் போய் வளத்து. இந்த அளவு வந்ததும் திரும்பக் கொண்டுவரணும். அப்ப ரெண்டும் சம பலம், யாரும் யாரையும் ஒண்ணும் பண்ண முடியாது. பிராமிஸ்?" என்றார். எடுத்தாலும் முழுசாக எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மறு வாரமே கடைவாய்க்கும் கோரைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஆளுக்கு ஒரு ரோஸ் மேடை செய்துவிட்டார்.

துளை போட்ட டிபன் டப்பாவில் பால்பல்லை வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "ஏம்மா, உன் சாப்பாடு நகருதே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வேறு சீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் என் அம்மா, "ஆமையை வீட்டுக்குள்ள கொண்டுவராதே, வாசல்லயே நில்லு" என்றாள். டப்பாவைத் திறந்து காலைக் காட்டினேன். "ஐயோ, யாருடி கடிச்சது?" என்றாள் அடுத்த நிமிடம். அதற்கடுத்த வாரம் அம்மா கீரை ஆயும்போது பாதி கீரை தொட்டிக்குப் போனது.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, மெழுகுத் தகட்டின் மேல் அதை உட்கார வைத்துப் பார்ப்பேன். முதலில் தகட்டின் நடுவில் ஒரு பொட்டு. அப்புறம் உள்ளங்கை. திங்கட்கிழமை டாக்டர் கேட்பார், "அளவு வந்துதா?" நான் விரலால் காட்டுவேன். இருவருக்கும் சந்தோஷம். இரண்டு வருடம் போனதும் எனக்கு அந்த முதல் ஞாயிறு பிடிக்காமல் போயிற்று. நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அது கண்ணாடியில் வந்து முட்டும். பெயரைச் சொன்னால் கழுத்தை நீட்டும். காலில் ஒரு நகம் இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தும். அது தகட்டை ஓரம் ஓரமாக நிரப்பிக்கொண்டே வந்து, ஒரு ஞாயிறு, அளவெடுத்துத் தைத்தது போலச் சரியாகப் பொருந்தியது. திங்கட்கிழமை டாக்டர் கேட்டார். "இன்னும் கொஞ்சம் இருக்கு டாக்டர்" என்றேன். எக்ஸ்ரேயில் ஊசி முனை அளவு சொத்தையைக் கண்டுபிடிக்கிறவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்று போய்விட்டார்.

பொய்யும் ஆமையும் சேர்ந்து வளர்ந்தன. பால்பல் பெண் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்த ஜாதியில் ஆணைவிடப் பெண் பெரிதாக வளருமாம். நீள நகத்தை ஆட்டிக் கொஞ்சிய கடைவாய் ஆண். தகட்டைத் தாண்டி ஒரு விரல், இரண்டு விரல் என்று போய்க்கொண்டே இருந்தது. நான் மட்டும் மாதாமாதம், "இன்னும் கொஞ்சம் டாக்டர்." மணிக்கட்டு வலியால் டாக்டர் கிளினிக்கை மூடியதும், கடைவாயையும் கோரையையும் ஜெயநகரில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேறு ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். கேள்வி போனில் தொடர்ந்தது, பதிலும் மாறவில்லை.

போன வருடம் அத்திபெலேயில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், திரும்பும் வழியில் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பட்டுப்புடவை, கையில் தாம்பூலப் பை. தொட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா, "வாங்க டாக்டர், உங்க பொண்ணு எப்படி வளந்திருக்கா பாருங்க" என்று நேரே அங்கேயே அழைத்துப் போய்விட்டாள். பெற்ற தாய்தான், என்ன செய்வது? பால்பல், டாக்டர் முன்பு செய்து கொடுத்த ரோஸ் மேடையில் ஏறி, நாலாபக்கமும் வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் ஆணியிலிருந்து தகட்டை எடுத்தார். ஆமையைத் தூக்கச் சொன்னார். இரண்டு கையாலும் தூக்கி மேசை மேல் பிடித்தேன். அதன் முதுகில் தகட்டை வைத்தார். சின்னக் குழந்தையின் தொப்பியைப் பெரியவர் தலையில் வைத்தது போல இருந்தது. சுற்றிலும் மூன்று விரல் ஓடு வெளியே தெரிந்தது. என் காது இரண்டும் சுட்டன. எத்தனை வருடப் பொய்!

டாக்டர் குனிந்து, நகம் இல்லாத பின்னங்காலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அது காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. "நல்லா சாப்பிடறாளா?" என்றார். அம்மா கீரைக் கணக்கு முழுவதும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தகட்டை ஒரு தடவை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஊஹூம். இன்னும் கொஞ்சம் வளரணும்மா" என்று சொல்லிவிட்டு, தகட்டைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினார்.